பிறந்தநாளில் பரிசு வழங்கும் மக்கள்

சென்ற தவணையின் இறுதி வாரத்திலே ஒரு நாள், பாடம் முடிந்து மணி அடிப்பதற்குச் சில நிமிடங்கள் எஞ்சியிருந்தன. மேல்வகுப்பு மாணவர்களுக்கு ஆங்கிலக் கதைநூல் ஒன்றிலே வரும் ஹொபிற் என்னும் சிறு மக்களைப் பற்றி நாம் கூறிக்கொண்டிருந்தோம். அம்மக்கள் தம் பிறந்தநாளன்று பிறரிடம் பரிசை எதிர்பார்த்திருப்பவர் அல்லர். தாமே பிறருக்குப் பரிசு வழங்குபவர் என்றோம். வகுப்பிலே சிரிப்பொலி எழுந்தது. பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, இல்லாத மக்களின் இல்லாத வழக்கங்களைப் படிப்பதால் எங்களுக்கு என்ன பயன்?" என்று கேட்டான். அவன் கேட்டு முடிப்பதற்கும் மணி அடிப்பதற்கும் சரியாக இருந்தது.

விடை பெறாது நின்ற அந்த வினா எம்மை விட்டு அகலவில்லை. விடுமுறை நாட்களில் அந்நூல்களை மீண்டும் எடுத்துப் புரட்டினோம். அவ்வழக்கங்களின் உள்ளே சென்று நோக்கியபோது, கதைக்கு அழகு செய்யும் வெறும் அலங்காரம் என்று நாம் முன்னர் எண்ணியிருந்தது, கதை முழுவதையும் தாங்கிநிற்கும் தூண் என்பது புலனாயிற்று. அம்மாணவனுக்குத் தரவேண்டிய விடையை இங்கே வாசகர்களோடு பகிர்ந்துகொள்கின்றோம்.

பேராசிரியரும் விடைத்தாளும்

ஹொபிற் மக்களைப் படைத்தவர் ஜே. ஆர். ஆர். ரொல்கீன் என்னும் பேராசிரியர். 1892ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் திகதி தென்னாபிரிக்காவின் புளூம்பொன்ரீன் நகரிலே பிறந்தவர். நான்கு வயதிலே தந்தையை இழந்தார். பன்னிரண்டு வயதிலே தாயையும் இழந்தார். தாயுடன் இங்கிலாந்தின் நாட்டுப்புறக் கிராமமொன்றிலே கழித்த நான்கு ஆண்டுகள் அவர் நெஞ்சில் என்றும் பசுமையாக நிலைத்திருந்தன. பிற்காலத்தில் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்திலே 1925 தொடக்கம் 1959 வரை பேராசிரியராக விளங்கினார். பழைய ஆங்கில மொழியே அவருடைய துறை.

பேராசிரியர் என்றாலும் குடும்பச் செலவுக்கு மேலதிக வருமானம் தேவைப்பட்டது. ஆதலால் கோடை விடுமுறைகளிலே பாடசாலைப் பரீட்சை விடைத்தாள்களைத் திருத்தும் பணியையும் ஏற்றிருந்தார். ஆசிரியத் தொழிலில் உள்ளோர் அனைவரும் அறிந்த சலிப்பு அது. 1930ஆம் ஆண்டையொட்டி ஒரு நாள், மாணவன் ஒருவன் ஒரு பக்கத்தை எழுதாமல் வெறுமையாக விட்டிருந்தான். அந்த வெற்றுப் பக்கத்திலே, நிலத்தின் கீழ் ஒரு வளையில் ஹொபிற் ஒருவன் வாழ்ந்தான் என்னும் பொருள்பட ஒரு வாக்கியத்தை அவர் எழுதினார். ஏன் எழுதினார் என்பது அப்போது அவருக்கே தெரியாது. அந்த வாக்கியமே வளர்ந்து 1937இல் 'த ஹொபிற்' என்னும் சிறுவர் நூலாயிற்று. பின்னர் 1954, 1955 ஆகிய ஆண்டுகளிலே 'த லோட் ஒவ் த றிங்ஸ்' என்னும் பெருங்கதை மூன்று பாகங்களாக வெளிவந்தது.

1939இல் ஸ்கொட்லாந்தின் சென்ற் அன்றூஸ் பல்கலைக்கழகத்திலே மாயக் கதைகளைப் பற்றி அவர் ஒரு விரிவுரை நிகழ்த்தினார். கதாசிரியன் ஒரு துணை உலகத்தைப் படைக்கிறான். அந்த உலகத்தின் உள்ளே அதன் விதிகள் ஒன்றோடொன்று பொருந்தி நின்றால்தான் வாசகன் அதனை நம்புவான் என்பது அவ்விரிவுரையின் முக்கியமான கருத்துக்களுள் ஒன்றாகும். மந்திரவாதியும் பறவைநாகமும் வருவதால் மாத்திரம் ஓர் உலகம் உருவாகிவிடாது. அங்கே வாழ்வோர் எப்போது உண்பர், யாரை உறவென்று கொள்வர், எதனைக் கொடுப்பர், எதனைக் கொடுக்க மறுப்பர் என்பனவும் தெரியவேண்டும்.

ஷயர் நாட்டு வாழ்க்கை

ஹொபிற் மக்கள் இரண்டு தொடக்கம் நான்கு அடி உயரமுள்ளவர்கள். தாடி வளர்வதில்லை. உள்ளங்கால் தோல் போலத் தடித்திருப்பதாலும், பாதத்தின் மேற்புறத்திலே சுருண்ட உரோமம் நிறைந்திருப்பதாலும் பாதணி அணிவதில்லை. பச்சையும் மஞ்சளும் அவர்கள் விரும்பும் நிறங்கள். வட்டமான கதவுகள் பொருத்திய வளைகளே அவர்களின் பழைய குடியிருப்புக்கள். கிடைக்குமானால் நாளொன்றுக்கு ஆறு வேளை உண்பர். முப்பத்து மூன்றாவது வயதிலேதான் ஒருவர் பராயமடைந்தவராகக் கருதப்படுவார். அதுவரை இருபதுகளில் உள்ளோரைப் பொறுப்பற்ற பருவத்தினர் என்று பெரியோர் பொறுத்துக்கொள்வர்.

அவர்களுடைய நாட்டின் பெயர் ஷயர். அங்கே அரசாங்கம் என்று கூறத்தக்கது அநேகமாக இல்லை. மேயர் ஒருவர் ஏழு ஆண்டுகளுக்கு ஒரு முறை தெரிவுசெய்யப்படுவார். விருந்துகளுக்குத் தலைமை தாங்குவதே அவருடைய பெரும்பணி. காவலர் நாடு முழுவதற்கும் பன்னிரண்டு பேர் மாத்திரமே. அவர்களும் திருடரைக் காட்டிலும் வழிதவறிய கால்நடைகளையே மிகுதியாகத் தேடினர். முன்னொரு காலத்திலே அரசன் ஆண்டான். அவன் மறைந்து நெடுங்காலமான பின்னரும், அவன் காலத்துச் சட்டங்களை மக்கள் தாமாகவே பின்பற்றி வந்தனர். அவை பழைமையானவை, நீதியானவை என்பதே அதற்கு அவர்கள் கண்ட காரணம். அவற்றை வெறுமனே 'விதிகள்' என்று அழைத்தனர்.

நாட்காட்டியையும் அவர்கள் தமக்கு ஏற்ப அமைத்துக்கொண்டனர். மாதங்கள் பன்னிரண்டுக்கும் முப்பது நாட்களே. எஞ்சிய ஐந்து நாட்கள் ஆண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் நடுவிலும் விழா நாட்களாக நின்றன. ஆண்டின் நடுநாளுக்குக் கிழமைப் பெயர் கிடையாது. அதனை நீக்கினால் 364 நாட்கள். அதாவது சரியாக 52 வாரங்கள். லீப் ஆண்டிலே வரும் மேலதிக நாளுக்கும் அவ்வாறே கிழமை இல்லை. இதனால் எந்தத் திகதியும் ஆண்டுதோறும் ஒரே கிழமையில் வரும். வியாழக்கிழமை பிறந்தவர் தம் வாழ்நாள் முழுவதும் வியாழக்கிழமையிலேயே பிறந்தநாள் கொண்டாடலாம்.

இவர்களைக் குறையற்றவர் என்று கருதிவிடலாகாது. வெளியுலகத்தைப் பற்றி அறிய அவர்களுக்கு ஆசையில்லை. ஆற்றுக்கு அப்பால் வாழும் தம் இனத்தவரையே விசித்திரமானவர்கள் என்று ஒதுக்குவர். வம்சாவளி நூல்களிலே பெருவிருப்பம் உடையவர்கள். தமக்கு முன்னரே தெரிந்த விடயங்கள் நிறைந்த நூல்களையே படிப்பர். சின்னத்தனமும் உறவுப் பூசலும் அங்கே தாராளமாக உண்டு.

கொடுத்தலும் பெறுதலும்

இனிப் பிறந்தநாள் வழக்கத்துக்கு வருவோம். 'த லோட் ஒவ் த றிங்ஸ்' வெளிவந்த சில ஆண்டுகளின் பின்னர், வாசகர் ஒருவர் அதில் ஒரு முரண்பாட்டைக் கண்டு பேராசிரியருக்கு எழுதினார். ஹொபிற் மக்கள் பிறந்தநாளில் பரிசு கொடுப்பவர்கள் என்றால், கதையில் வரும் கொலும் என்பவன் மோதிரத்தைத் தன் 'பிறந்தநாள் பரிசு' என்று கூறுவது எப்படிப் பொருந்தும் என்பது அவருடைய வினா. வேறொருவராயின், "கதைதானே" என்று கூறி விட்டிருப்பார். பேராசிரியரோ, உண்மையான ஒரு நாட்டின் பழக்கவழக்கங்களை ஆராயும் அறிஞர் எழுதுவது போன்று நெடிய ஒரு விடையை வரைந்தார். 1981இல் வெளிவந்த அவருடைய கடிதத் தொகுதியிலே அதனை நாம் காணலாம்.

வழக்கத்துக்கு இரண்டு பாதிகள் உண்டு என்று அவர் விளக்குகின்றார். ஒன்று பெறுதல், மற்றையது கொடுத்தல். பெறுதல் உறவுமுறையைச் சார்ந்த பழைய சடங்கு. பிறந்தநாள் காண்பவர் இன்ன குடும்பத்தைச் சேர்ந்தவர் என்று ஏற்றுக்கொண்டமைக்கு அது அறிகுறி. ஆதலால் குடும்பத் தலைவர் ஒரு சிறு பொருளையேனும் அடையாளமாகக் கொடுத்தல் வேண்டும். பெற்றோர் தம் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை. தத்தெடுத்த பிள்ளை மாத்திரம் இதற்கு விலக்கு. பெற்ற பிள்ளை தம்முடையது என்பதைப் பெற்றோர் பரிசு கொடுத்து மெய்ப்பிக்க வேண்டுமா? தத்தெடுத்த பிள்ளைக்கோ, "நீ எங்களவன்" என்று சொல்லிக் காட்டவேண்டிய தேவை உண்டு. இவ்விலக்கின் பொருள் இதுவென்றே எமக்குத் தோன்றுகிறது.

கொடுத்தல் உறவுக்குள் அடங்கிய ஒன்றன்று. கடந்த ஆண்டிலே தமக்கு உதவியவர்க்கும் நட்புப் பாராட்டியவர்க்கும் செலுத்தும் நன்றிக்கடன் அது. மூன்றாவது பிறந்தநாளிலே, நடக்கவும் பேசவும் தெரிந்தவுடன், பிள்ளை முதன்முதலாகத் தன் பெற்றோருக்குப் பரிசு கொடுக்கும். அது கடையிலே வாங்கியதாக இருத்தல் கூடாது. தானே கண்டெடுத்ததாக, வளர்த்ததாக, அல்லது செய்ததாக இருத்தல் வேண்டும். மூன்று வயதுப் பிள்ளையினால் என்ன செய்யமுடியும்? வேலியோரத்தில் பூத்த காட்டுப் பூக்களை ஒரு பிடி பறித்து வந்து நீட்டும். வளர்ந்த பின்னரும் தோட்டத்து விளைச்சலோ கைவேலையோ கொடுப்பதே, விசேடமாக எளிய மக்களிடையே, வழக்கமாக இருந்தது.

உறவினர் தரும் பரிசுக்கும் ஒழுங்கு உண்டு. அதனை நேரிலே, தனிமையிலே, முதல்நாள் அல்லது அன்று நண்பகல் உணவுக்கு முன்னர் கொடுத்துவிட வேண்டும். பெற்றவற்றை அடுக்கிவைத்துப் பிறருக்குக் காட்டுதல் பெரும் அநாகரிகம். யார் எவ்வளவு கொடுத்தார் என்னும் ஒப்பீட்டுக்கு அங்கே இடமில்லை. கலியாண வீட்டிலே அன்பளிப்புத் தொகையைக் கொப்பியில் எழுதிவைக்கும் நாம் இதனைச் சற்றுச் சிந்திக்கலாம்.

எந்த நாட்டிலும் விதியை அளந்து நடப்போர் இருப்பர் அல்லவா? பன்னிரண்டு மைலுக்குள் வாழும் நெருங்கிய உறவினரே பரிசு கொடுக்கக் கடமைப்பட்டோர் என்பது ஷயர் நாட்டு முறை. தம் வாசற்படிக்கும் உறவினரின் வாசற்படிக்கும் இடையே உள்ள தூரத்தைத் தாமே அளந்து, பன்னிரண்டு மைலுக்கு ஓர் அடி கூடினாலும் கைவிரித்து விடுவோரும் அங்கே இருந்தனர். அத்தகையோருக்கு 'பன்னிரண்டு மைல் உறவினர்' என்பது பட்டப்பெயர். இச்சொல் எம் ஊர்களிலும் பயன்படக்கூடியதே.

மதொம்

கொடுக்கும் பொருள் விலையுயர்ந்ததாக இருக்கவேண்டியதில்லை. ஊரிலே எந்த நாளும் யாரோ ஒருவருக்குப் பிறந்தநாள். ஆகவே வாரத்துக்கு ஒரு பரிசாவது ஒவ்வொருவர்க்கும் கிடைக்கும். அவ்வாறு கிடைத்தவற்றுள் உடனடிப் பயனில்லாதது, எறியவும் மனமில்லாதது எதுவோ, அதற்கு மதொம் என்று பெயர். வீடுகள் மதொம்களால் நிறைந்துவிடும். ஆதலால் ஒருவர் பெற்ற மதொம் அடுத்த பிறந்தநாளிலே இன்னொருவரிடம் செல்லும். இவ்வாறே ஊரைச் சுற்றிவரும்.

இச்சொல்லைப் பேராசிரியர் வெறுமனே புனையவில்லை. புதையல், அரும்பொருள், மதிப்புள்ள பரிசு என்னும் பொருள்கள் கொண்ட பழைய ஆங்கிலச் சொல்லொன்றிலிருந்து அதனை எடுத்தார். அரசர் தம் வீரர்க்கு வழங்கிய அரும்பொருளைக் குறித்த சொல், ஷயர் நாட்டிலே எங்கே வைப்பது என்று தெரியாத தட்டுமுட்டுப் பொருளைக் குறிக்கலாயிற்று. நகைச்சுவையாகத் தோன்றினும் இதனுள் கருத்து உண்டு. கையைவிட்டுக் கைமாறிச் செல்வதனால் எந்தப் பொருளும் அங்கே பெரும் புதையலாகிவிடுவதில்லை.

மதொம்களை வைப்பதற்கென்றே மிச்சல் டெல்விங் என்னும் ஊரில் ஒரு நூதனசாலை இருந்தது. பில்போ பகின்ஸ் என்னும் ஹொபிற் தன் தூரப்பயணத்திலே பெற்ற மித்திரில் கவசத்தை அங்கே இரவலாகக் கொடுத்து வைத்திருந்தான். அந்தக் கவசத்தின் பெறுமதி ஷயர் நாடு முழுவதன் பெறுமதியையும் விஞ்சியது. அதனை அறியாமல் பார்வையாளர் பழைய ஆயுதங்களுக்கிடையே கண்டு சென்றனர்.

நூற்றுப் பதினோராவது பிறந்தநாள்

இந்தப் பில்போவின் பிறந்தநாளுடனேயே பெருங்கதை தொடங்குகின்றது. திகதி செப்டெம்பர் 22. அந்த நாட்காட்டியின்படி எந்த ஆண்டிலும் வியாழக்கிழமை. பில்போவுக்கு வயது 111. அவன் தத்தெடுத்து வாரிசாக்கிய உறவினன் புரோடோவுக்கும் அன்றே பிறந்தநாள், வயது 33. புரோடோ பன்னிரண்டு வயதிலே தாய் தந்தை இருவரையும் ஆற்றிலே பறிகொடுத்தவன். இருவர் வயதையும் கூட்டினால் 144. அந்த எண்ணிக்கைக்கு ஏற்ப 144 விருந்தினர் தனிக் கூடாரத்தில் அமர்ந்து உண்டனர். ஊர் முழுவதற்கும் பரிசுகள் வழங்கப்பட்டன.

அன்றிரவே பில்போ ஊரைவிட்டுச் சென்றுவிட்டான். அவன் பெயர் எழுதி வைத்துச் சென்ற பரிசுகள் மறுநாள் பிரிக்கப்பட்டன. தோட்டக்காரக் கிழவருக்கு இரண்டு மூடை உருளைக்கிழங்கு, ஒரு புதிய மண்வெட்டி, ஒரு கம்பளிச் சட்டை, மூட்டுவலிக்கு ஒரு போத்தல் மருந்து. அவருடைய வாழ்வை அறிந்து, அவருக்குத் தேவையானதைத் தெரிந்து கொடுத்தவை அவை. வேறு சில பரிசுகளிலே குறும்பும் கலந்திருந்தது. புத்தகம் இரவல் வாங்கித் திருப்பிக் கொடாதவருக்கு வெற்றுப் புத்தக அலுமாரி. கடிதத்துக்குப் பதில் எழுதாதவருக்குத் தங்கப் பேனாவும் மைக்கூடும். வாழ்நாளெல்லாம் புத்திமதிக் கடிதங்களை எழுதிக் குவித்த உறவுப் பெண்மணிக்குக் குப்பைக் கூடை. பில்போவின் வெள்ளிக் கரண்டிகளை முன்னர் அபகரித்தவள் என்று அவன் ஐயுற்ற லொபீலியாவுக்கு ஒரு பெட்டி வெள்ளிக் கரண்டிகள்! வீட்டையும் உடைமைகளையும் புரோடோவுக்கு எழுதிவைத்த மரணசாசனத்திலே, அந்நாட்டு முறைப்படி ஏழு சாட்சிகள் சிவப்பு மையினால் கையொப்பமிட்டிருந்தனர்.

ஒரு பொருள் மாத்திரம் கொடுக்கப்படாமல் இருந்தது. அதுவே மோதிரம். பிறரை அடக்கியாளும் ஆசையினால் வார்க்கப்பட்ட அதன் இயல்பு, தன்னை வைத்திருப்பவனைத் தானே பற்றிக்கொள்வது. இன்னொருவரிடம் ஒப்படைக்கலாமோ என்று ஒருவன் நினைப்பதுண்டு, நினைப்போடு நின்றுவிடும். பில்போ தன் நண்பனாகிய கண்டால்ப் என்னும் மந்திரவாதியிடம் ஓர் உண்மையை வெளியிடுகின்றான். இத்தனை பெரிய விருந்தும் இத்தனை பரிசுகளும் எதற்காக? பலவற்றைக் கொடுக்கும்போது அதனையும் கூடவே கொடுத்துவிடுவது எளிதாகும் என்று அவன் எண்ணினான். இறுதியில் அது எளிதாகவில்லை. கடித உறையினுள் இட்ட மோதிரத்தை அறியாமலே சட்டைப்பையில் போட்டுக்கொள்கின்றான். நண்பனோடு சினந்து பேசுகின்றான். ஈற்றிலே உறை கையிலிருந்து நழுவி நிலத்தில் விழுகின்றது. அவன் அதனை எடுக்காமல் வெளியே செல்கின்றான். அந்த மோதிரத்தின் நெடிய வரலாற்றிலே, தன் விருப்பத்தோடு அதனை விட்டுச்சென்ற முதல் மனிதன் அவனே.

நூற்றுப் பத்து ஆண்டுகளாகக் கொடுத்துப் பழகிய கை, நூற்றுப் பதினோராவது ஆண்டிலே கொடுத்தற்கு அரியதையும் நடுங்கியவாறு கொடுத்தது. அரசரும் ஞானியரும் தயங்கிய இடத்தில் இந்தச் சிறியவன் கடந்து செல்கின்றான் என்றால், அவனுக்குத் துணையாய் நின்றவை நண்பனின் சொல்லும் ஊரின் வழக்கமும் ஆகும்.

ஆற்றங்கரையில் ஒரு பிறந்தநாள்

இப்போது வாசகர் கேட்ட முரண்பாட்டுக்கு வருவோம். பில்போவின் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் முன்னர், அண்டுவின் என்னும் பேராற்றங்கரையிலே ஹொபிற் இனத்தைச் சார்ந்த ஒரு கூட்டத்தார் வாழ்ந்தனர். அங்கே ஸ்மீகல், டீகல் என்னும் இருவர் ஒருநாள் மீன்பிடிக்கச் சென்றனர். ஆற்றடியிலிருந்து டீகல் ஒரு பொன்மோதிரத்தை எடுத்தான். அன்று ஸ்மீகலின் பிறந்தநாள். "இன்று என் பிறந்தநாள், அதனை எனக்குத் தா" என்றான் ஸ்மீகல். தன் சக்திக்கு மேற்பட்ட பரிசை ஏற்கெனவே கொடுத்துவிட்டதாகக் கூறி டீகல் மறுத்தான். ஸ்மீகல் அவன் கழுத்தை நெரித்துக் கொன்று மோதிரத்தைப் பறித்தான். அவனே பின்னர் கொலும் ஆனான். ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகள் இருளிலே அதனை வைத்திருந்து, அது தன் பாட்டி தந்த பிறந்தநாள் பரிசு என்று சொல்லிச் சொல்லித் தானே நம்பலானான். குடும்பத் தலைவர் பரிசு தரவேண்டும் என்னும் பழைய வழக்கம் இருந்தமையால் அந்தப் பொய்க்கு ஒரு போர்வையும் கிடைத்தது.

இரண்டு பிறந்தநாட்களையும் அருகருகே வைத்து நோக்குங்கள். இனம் ஒன்று, வழக்கம் ஒன்று, மோதிரமும் அதுவே. ஸ்மீகல் வழக்கத்தின் ஒரு பாதியை மாத்திரம், "எனக்கு உரியது" என்னும் பாதியை, பற்றிக்கொண்டான். பில்போ மற்றப் பாதியையும் விடாது கைக்கொண்டான். ஆகவே வழக்கம் இருப்பது மாத்திரம் ஒருவனைக் காப்பாற்றாது. அதன் எந்தப் பாதியை நாம் பயில்கிறோம் என்பதிலேயே யாவும் தங்கியிருக்கின்றது.

இன்னொன்றும் கூறல்வேண்டும். மோதிரத்தை அழிப்பதற்காக எரிமலையின் விளிம்புவரை சுமந்து சென்ற புரோடோவினால், கடைசிக் கணத்திலே அதனை விட முடியவில்லை. தனதென்று அணிந்துகொண்டான். கொலும் பாய்ந்து அவன் விரலைக் கடித்து அதனைப் பறித்து, நிலைதவறித் தீயிலே விழுந்தான், மோதிரமும் அழிந்தது. கொலும் அக்கணம்வரை உயிரோடு இருந்தது எதனால்? முன்னொருமுறை பில்போவும், பின்னர் புரோடோவும், கொல்லத்தக்க வேளையிலே இரங்கி அவன் உயிரை அவனுக்கு விட்டுக்கொடுத்தமையால். மனவலிமை தோற்ற இடத்திலே அவர்கள் முன்னர் கொடுத்தது வந்து காத்தது.

இறுதிப் பரிசுகள்

போர் முடிந்து திரும்பியபோது ஷயர் நாடு கொடியோர் கையில் சிக்கிச் சிதைந்திருந்தது. பலர் வீடிழந்திருந்தனர். பில்போவின் வீட்டுக்கு வாழ்நாளெல்லாம் ஆசைப்பட்ட லொபீலியா, அதனை ஒருவாறு பெற்று வாழ்ந்தவள், கொடியோரை எதிர்த்துச் சிறை சென்றாள். மகனையும் இழந்தாள். விடுதலை பெற்றபின் அவ்வீட்டைப் புரோடோவிடமே திருப்பிக் கொடுத்தாள். அடுத்த இளவேனிலிலே அவள் இறந்தபோது, தன் எஞ்சிய பணம் முழுவதையும், வீடிழந்தோருக்கு உதவுமாறு புரோடோவிடம் விட்டுச்சென்றிருந்தாள். வெள்ளிக் கரண்டிக்காரி என்று நாம் சிரித்த பெண்மணி அவள்! கதை முழுவதிலும் எம் கண்ணை ஈரமாக்கிய இடம் இது.

பில்போவோ தன் 129ஆவது பிறந்தநாளிலே, தூரதேசத்து மாளிகையொன்றில் மறதி மூடிய கிழவனாக இருந்தான். பார்க்க வந்த புரோடோவுக்கு மித்திரில் கவசத்தையும் தன் வாளையும் பரிசாக வழங்கினான். அவற்றை முன்னரே கொடுத்துவிட்டதை அவன் மறந்துபோயிருந்தான். நினைவு போன பின்னரும் கொடுக்கும் பழக்கம் போகவில்லை.

மேலும் இரண்டு ஆண்டுகளின் பின்னர், அதே செப்டெம்பர் மாதத்திலே, ஆறாத காயங்களோடு புரோடோ கடல்கடந்து செல்லப் புறப்பட்டான். வீட்டையும் உடைமைகளையும் தன் தோழன் சாமுக்குக் கொடுத்தான். தங்கள் வரலாற்றை எழுதிய நூலையும் அவனிடமே ஒப்படைத்தான். அதன் கடைசிச் சில பக்கங்கள் எழுதப்படாமல் இருந்தன. அவை சாம் எழுதவேண்டிய பக்கங்கள். மாணவன் ஒருவன் விட்ட வெற்றுப் பக்கத்திலே தோன்றிய கதை, இன்னொருவனுக்காக விட்ட வெற்றுப் பக்கங்களோடு நிறைவெய்துகின்றது.

மாணவனுக்கு விடை

இல்லாத மக்களின் வழக்கங்களைப் படிப்பதால் என்ன பயன்? எம்முடைய வழக்கங்களை நாம் பிறந்தநாள் தொட்டுக் காண்கின்றோம். ஆதலால் அவற்றை நாம் நோக்குவதில்லை. அயலான் ஒருவனின் வழக்கத்தைக் கண்டு முதலிலே சிரிக்கிறோம். சிரித்தபின் ஏன் என்று கேட்கிறோம். கேட்டபின் எம் வீட்டை ஒருமுறை திரும்பிப் பார்க்கிறோம். கற்பனை அயலானும் அந்தப் பணியைச் செய்ய வல்லவனே.

பிறந்தநாளிலே கொடுத்தல் எமக்கும் புதிதன்று. அன்று சிறுவர் இல்லமொன்றுக்கு மதிய உணவு வழங்கும் குடும்பங்கள் எம்மிடையே பல உண்டு. கோயிலுக்குச் சென்று வந்து அயல்வீடுகளுக்குப் பொங்கல் கொடுத்தனுப்பும் தாய்மாரும் உளர். ஆயினும் அந்த உணவை அனுப்புவோர் பெற்றோர். பிறந்தநாளுக்கு உரிய பிள்ளையோ வீட்டிலிருந்து பரிசுப் பொதிகளை எண்ணிக்கொண்டிருக்கின்றது. நாம் பிள்ளைகளுக்கு வழக்கத்தின் ஒரு பாதியையே கற்பிக்கின்றோமோ என்று எமக்கு ஐயம் உண்டாகின்றது. பெற்றுப் பழகிய கை, கொடுக்கவேண்டிய நாள் வரும்போது எப்படித் திறக்கும்?

செலவொன்றும் இல்லாத ஒரு வழியை அந்தச் சிறு மக்கள் காட்டியிருக்கிறார்கள். மூன்று வயதுப் பிள்ளையின் பிறந்தநாள் காலையிலே, முற்றத்துச் செம்பருத்தியில் ஒரு பூவைப் பறித்துத் தன் பாட்டியின் கையிலே கொடுக்குமாறு சொல்லுங்கள். பிள்ளை ஏன் என்று கேட்கும். கேட்கட்டும். தவணை தொடங்கியதும் எம் வகுப்பிலும் அந்த வினாவிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம் என்று இருக்கின்றோம்.